பயப்படு, பயப்படாதே: இரண்டையும் சொல்லும் வேதத்தை எப்படி வாசிப்பது?

வேதாகமத்தைப் புதிதாகக் கையில் எடுப்பவர்கள் சீக்கிரமே ஓரிடத்தில் இடறுவார்கள். நீதிமொழிகள் புத்தகத்தின் முதல் அதிகாரமே, ‘கர்த்தருக்குப் பயப்படுதலே ஞானத்தின் ஆரம்பம்’ என்கிறது. கடைசிப் பக்கங்களுக்கு வந்தால் யோவான் தன் முதலாம் நிருபத்தில் (கடிதத்தில்), ‘அன்பிலே பயமில்லை, பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும்’ என்று எழுதுகிறார். ஞானத்தைத் தொடங்கிவைக்கிற பயத்தை அன்பு ஏன் வெளியே தள்ள வேண்டும்?

சபைக்குப் போனாலும் தெளிவு கிடைப்பதில்லை. ஒரு ஞாயிறு நியாயத்தீர்ப்பைப் பற்றிய பிரசங்கம். வீட்டுக்கு வந்தால் சோறு இறங்காது. அடுத்த ஞாயிறு ‘என் கிருபை உனக்குப் போதும்’, மனசு லேசாகிவிடும். நடுவில் மாட்டிக்கொண்டவர் யாராவது மூத்த விசுவாசியிடம் போய்க் கேட்டால், “ரெண்டையும் பேலன்ஸ் பண்ணிக்கணும் தம்பி” என்ற பதில் வரும். எப்படி என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

என் பதிலை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பயத்துக்குப் பாதி, கிருபைக்குப் பாதி என்று பங்கு போடும் யோசனையே உதவாது. எது முதலில் வருகிறது, எதிலிருந்து எது பிறக்கிறது என்று பார்த்தால் சிக்கலில் பெரும்பகுதி அவிழ்ந்துவிடும்.

கிருபை என்பது தகுதியில்லாதவனுக்குத் தேவன் காட்டும் தயவு. கத்தோலிக்கர் அருள் என்பார்கள். சம்பாதிக்க முடியாது, திருப்பிக் கொடுக்கவும் முடியாது. ‘கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு’ என்று எபேசு சபைக்குப் பவுல் எழுதினார். தேவபயத்தை இப்படி ஒரு வரியில் முடித்துவிட முடியாது. அதற்குத்தான் மீதிக் கட்டுரை.

மன்னிப்பிலிருந்து வரும் பயம்

130ஆம் சங்கீதத்தில் ஒரு விசித்திரமான வரி இருக்கிறது. ‘கர்த்தாவே, நீர் அக்கிரமங்களைக் கவனித்திருப்பீரானால், யார் நிலைநிற்பான்’ என்று கேட்டுவிட்டு, உடனே, ‘உமக்குப் பயப்படும்படிக்கு உம்மிடத்தில் மன்னிப்பு உண்டு’ என்கிறான் பாடுகிறவன். உமக்குப் பயப்படும்படிக்கு உம்மிடத்தில் தண்டனை உண்டு என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். போலீஸ்காரரிடம் இருக்கும் பயம் லத்தியால் வருவது. மன்னிப்பால் எப்படிப் பயம் வரும்?

லூக்கா ஐந்தாம் அதிகாரத்தில் இதற்கு ஒரு காட்சி இருக்கிறது. ராமுழுதும் வலை வீசியும் பேதுருவுக்கு ஒன்றும் அகப்படவில்லை. இயேசு ஆழத்திலே தள்ளிப் போய் வலையைப் போடச் சொல்கிறார். வலை கிழியும் அளவுக்கு மீன். இரண்டு படகும் அமிழும் அளவுக்கு மீன். ஒரு மீனவனுக்கு இதைவிட நல்ல காலை வேறென்ன வேண்டும்? பேதுரு சந்தோஷத்தில் குதிக்கவில்லை. இயேசுவின் முழங்காலில் விழுந்து, ‘ஆண்டவரே, நான் பாவியான மனுஷன், நீர் என்னைவிட்டுப் போகவேண்டும்’ என்கிறான். யாரும் அவனை மிரட்டவில்லை. பாவத்தைப் பற்றி இயேசு அங்கே ஒரு வார்த்தையும் பேசவில்லை. கிடைத்தது கொடை மட்டும்தான். கொடுத்தவர் யார் என்று புரிந்த கணத்தில் அவனுக்கு உடல் நடுங்கிவிட்டது. அதற்கு இயேசு சொன்ன பதிலில் விலகிப் போவது பற்றிப் பேச்சே இல்லை: ‘பயப்படாதே, இதுமுதல் நீ மனுஷரைப் பிடிக்கிறவனாயிருப்பாய்.’

மாற்கு நான்காம் அதிகாரத்திலும் இதே கதிதான். புயலில் சீஷர்கள் அலறுகிறார்கள். இயேசு காற்றை அதட்டுகிறார், கடல் அமைதியாகிறது. அப்புறம்தான், ‘அவர்கள் மிகவும் பயந்து: இவர் யாரோ?’ என்று ஒருவரோடொருவர் பேசிக்கொண்டார்கள் என்று மாற்கு எழுதுகிறார். ஆபத்து போன பிறகு பயம் கூடுகிறது. புயலைக் கண்டு பயந்தவர்களை அவர் கடிந்துகொண்டார். இந்தப் பயத்துக்கு அவர் எந்தக் கண்டனமும் சொன்னதாக இல்லை.

‘பழைய ஏற்பாடு பயம், புதிய ஏற்பாடு கிருபை’ என்ற எளிய பிரிவினையும் நிற்காது. பத்துக் கட்டளைகளின் முதல் வரி கட்டளையே இல்லை. உன்னை அடிமைத்தன வீடாகிய எகிப்திலிருந்து புறப்படப்பண்ணின உன் தேவன் நானே என்பதுதான் முதலில் வருகிறது. மீட்பு முன்னால், சட்டம் பின்னால். சீனாய் மலை புகைந்து, இடி முழங்கி, ஜனங்கள் பின்வாங்கியபோது மோசே சொன்னதைப் பாருங்கள்: ‘பயப்படாதிருங்கள்’ என்று தொடங்கி, நீங்கள் பாவம் செய்யாதபடிக்குத் தேவனுக்குப் பயப்படும் பயம் உங்கள் முகத்திற்கு முன்பாக இருப்பதற்காகவே அவர் எழுந்தருளினார் என்று முடிக்கிறான். ஒரே வாக்கியத்தில் பயப்படாதே, பயப்படு இரண்டும். புதிய ஏற்பாட்டிலோ அனனியா, சப்பீராள் என்ற தம்பதி பொய் சொல்லி அப்போஸ்தலருக்கு முன்னே விழுந்து சாகிறார்கள். ‘நம்முடைய தேவன் பட்சிக்கிற அக்கினி’ என்ற எச்சரிப்பும் எபிரெயருக்கு எழுதின நிருபத்தில், சிலுவைக்குப் பிறகு எழுதப்பட்டதுதான்.

இரண்டு வகைப் பயம்

யோவானின் வசனம் இன்னும் மிச்சமிருக்கிறது. அதோடு மோதும் வரி நீதிமொழிகளில் மட்டும் இல்லை. ‘கர்த்தருக்குப் பயப்படும் பயம் சுத்தமும், என்றைக்கும் நிலைக்கிறதுமாயிருக்கிறது’ என்கிறது 19ஆம் சங்கீதம். என்றைக்கும் நிலைக்கும் பயத்தை அன்பு எப்படித் துரத்தும்?

இந்த முடிச்சை ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அவிழ்த்தவர் அகுஸ்தீன். இன்றைய அல்ஜீரியாவின் கடற்கரை நகரமான ஹிப்போவில் ஆயராக இருந்தவர். யோவானின் நிருபத்தைத் தன் சபைக்கு விளக்கும்போது இந்த இரண்டு வசனங்களையும் எதிரெதிரே நிறுத்தினார். பயத்தில் இரண்டு வகை உண்டு என்றார். இரண்டு மனைவிகளை எண்ணிப் பாருங்கள் என்று சொன்னார். இருவருமே கணவனுக்குப் பயப்படுகிறவர்கள். ஒருத்திக்கு மனம் வேறிடத்தில். கணவன் வந்துவிடுவானோ என்று பயப்படுகிறாள். மற்றவள் அவனை நேசிப்பவள். அவன் போய்விடுவானோ என்று பயப்படுகிறாள். ‘பயப்படுகிறாயா?’ என்று கேட்டால் இருவரும் ஆம் என்பார்கள். ‘எதற்கு?’ என்று கேட்டால்தான் வித்தியாசம் தெரியும்.

அன்பு வெளியே தள்ளுவது முதல் வகையை. இரண்டாவது வகை அன்போடு சேர்ந்து வளர்கிறது. பின்னால் வந்த இறையியலாளர்கள் இவற்றை அடிமைப் பயம், பிள்ளைப் பயம் என்று பிரித்தார்கள். 13ஆம் நூற்றாண்டில் தோமா அக்குவினாஸ் இதை இன்னும் நுணுக்கி, அடிமைப் பயத்திலிருந்து பிள்ளைப் பயத்துக்கு மாறிக்கொண்டிருக்கும் இடைநிலைப் பயத்தையும் கணக்கில் சேர்த்தார். ஆரம்ப விசுவாசிகளில் பெரும்பாலோர் அந்த இடைநிலையில்தான் இருக்கிறோம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கத்தோலிக்கத் திருச்சபையில் உறுதிபூசுதல் பெறுகிறவர்கள் படிக்கும் பரிசுத்த ஆவியின் ஏழு கொடைகளில் கடைசியாக நிற்கும் தெய்வபயம் இந்தப் பிள்ளைப் பயம்தான். அது கொடை என்பதைக் கவனியுங்கள். தானாக வருவித்துக்கொள்வது அல்ல. ஏசாயா பதினோராம் அதிகாரத்தில் மேசியாவின்மேல் தங்கும் ஆவிக்கும் ‘கர்த்தருக்குப் பயப்படுகிற பயத்தை அருளும் ஆவி’ என்ற பெயர் உண்டு. பிதாவின் முழு அன்பையும் பெற்ற குமாரனிடமே இந்தப் பயம் இருந்ததென்றால், அது பயங்கரம் அல்ல என்பது விளங்கும்.

அடிமைப் பயத்துக்கு இயேசுவே ஓர் உதாரணம் சொல்லியிருக்கிறார். அவர் சொன்ன உவமையில், எஜமான் ஒப்படைத்த பணத்தில் ஒரு தாலந்து (அக்காலத்துப் பெரிய தொகை) வாங்கியவன் எஜமானிடம், நீர் விதைக்காத இடத்தில் அறுக்கிற கடினமுள்ள மனுஷன் என்று அறிவேன், ஆகையால் பயந்து, போய், உமது தாலந்தை நிலத்தில் புதைத்து வைத்தேன் என்கிறான். அவன் திருடவில்லை, செலவழிக்கவில்லை. எஜமானைப் பற்றித் தன் மனதில் ஒரு கொடூரப் படத்தை வரைந்துகொண்டு, அந்தப் படத்துக்குப் பயந்து ஒன்றுமே செய்யாமல் இருந்துவிட்டான். நம் ஊரில் பிள்ளைகளிடம் ‘சாமி கண்ணைக் குத்தும்’ என்று சொல்லி வளர்க்கிறோம். கிறிஸ்தவ வீடுகளில் சாமிக்குப் பதில் இயேசப்பா வருவார், குத்துவது மாறுவதில்லை. அப்படி வளர்ந்த பிள்ளை நாற்பது வயதிலும் தாலந்தைப் புதைத்துக்கொண்டிருக்கும்.

மார்ட்டின் லூத்தருக்கு இது அனுபவம். 1505 ஜூலையில் ஸ்டாட்டர்ன்ஹைம் என்ற ஊருக்கருகே இடியில் சிக்கி, உயிர்ப்பயத்தில் துறவியாவதாகப் பொருத்தனை பண்ணியவர். துறவு வாழ்க்கையில் எவ்வளவு பிரயாசப்பட்டும், பாவிகளைத் தண்டிக்கும் நீதியுள்ள அந்தத் தேவனைத் தான் வெறுத்ததாகக் கடைசிக் காலத்தில் திறந்து எழுதினார். அடிமைப் பயம் போய்ச் சேரும் இடம் அதுதான். வெளியே பக்தி, உள்ளே வெறுப்பு. கிருபையைக் கண்டுகொண்ட பிறகு லூத்தர் பயத்தையே தூக்கி எறிந்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. 1529இல் பிள்ளைகளுக்காகவும் குடும்பங்களுக்காகவும் எழுதிய சிறிய ஞானோபதேசத்தில், முதல் கட்டளைக்கு அர்த்தம் என்ன என்ற கேள்விக்கு, எல்லாவற்றுக்கும் மேலாகத் தேவனுக்குப் பயந்து, அவரை நேசித்து, அவரை நம்பவேண்டும் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னார். மற்ற ஒன்பது கட்டளைகளின் விளக்கமும் அவருக்குப் பயந்து நேசிக்கவேண்டும் என்றே தொடங்கும். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் லூத்தரன் மிஷனரி சீகன்பால்கு இந்தப் பாரம்பரியத்தைக் கொண்டுவந்ததால், தமிழ் லூத்தரன் பிள்ளைகள் திடப்படுத்தல் வகுப்பில் அதை மனப்பாடம் செய்து வருகிறார்கள்.

மரியாதை என்று சொல்லி நழுவிவிடலாமா?

பலர் இந்த இடத்தில், ‘பயம் என்றால் உண்மையில் மரியாதைதான்’ என்று முடித்துவிடுவார்கள். வசதியான விளக்கம். எனக்கு அது பாதிதான் சரியென்று படுகிறது. லூக்கா 12இல் இயேசு தம் சிநேகிதரிடம், சரீரத்தைக் கொலைசெய்கிறவர்களுக்குப் பயப்படாதேயுங்கள், கொலைசெய்த பின்பு நரகத்திலே தள்ள வல்லமையுள்ளவருக்குப் பயப்படுங்கள் என்கிறார். இது தலைமையாசிரியரைக் கண்டதும் எழுந்து நிற்கும் மரியாதை இல்லை. பேசுவது நரகத்தைப் பற்றி.

ஆனால் அந்தப் பேச்சு எங்கே போகிறது என்று பாருங்கள். மூச்சு விடுவதற்குள், இரண்டு காசுக்கு ஐந்து அடைக்கலான் குருவிகளை விற்கிறார்களல்லவா, அவைகளில் ஒன்றும் தேவனால் மறக்கப்படுவதில்லை என்கிறார். உங்கள் தலைமயிரெல்லாம் எண்ணப்பட்டிருக்கிறது, பயப்படாதிருங்கள் என்கிறார். பயப்படுங்கள் என்பதற்கும் பயப்படாதிருங்கள் என்பதற்கும் நடுவே இரண்டு வசனம்கூட முழுதாக இல்லை. எவருடைய கையில் முடிவான அதிகாரம் இருக்கிறதோ, அவர்தான் குருவியையும் மறக்காதவர். அதிகாரம் இல்லாத ஒருவருடைய அன்பை நம்பி என்ன பயன்? அன்பில்லாத அதிகாரியிடம் போய் எப்படி அடைக்கலம் தேடுவது? இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பதால்தான் பயமும் நம்பிக்கையும் ஒரே நெஞ்சில் இருக்க முடிகிறது.

தாவீது இதை ஒரு இக்கட்டில் சொன்னான். ஜனத்தைத் தொகையிட்ட பாவத்துக்காக மூன்று தண்டனைகளில் ஒன்றைத் தெரிந்துகொள்ளச் சொன்னபோது, ‘கர்த்தருடைய கையிலே விழுவோமாக, அவருடைய இரக்கங்கள் மகா பெரியது, மனுஷர் கையிலே விழாதிருப்பேனாக’ என்றான். எபிரெயருக்கு எழுதினவரோ, ‘ஜீவனுள்ள தேவனுடைய கைகளில் விழுகிறது பயங்கரமாயிருக்குமே’ என்கிறார். பயங்கரமான கைதான். அதில் விழுவதுதான் பத்திரமும்.

இந்தப் பயத்தின் இன்னொரு வேலையை நம் பிரசங்கங்கள் அதிகம் சொல்வதில்லை. தேவனுக்குப் பயந்தவனுக்கு மற்றவர்கள்மேல் இருக்கும் பயம் குறைகிறது. ஆண்குழந்தைகளைக் கொன்றுவிடும்படி பார்வோன் உத்தரவிட்டபோது, சிப்பிராள், பூவாள் என்ற இரண்டு மருத்துவச்சிகள் தேவனுக்குப் பயந்ததினால் அந்தக் கட்டளைக்குக் கீழ்ப்படியவில்லை என்கிறது யாத்திராகமம். ராஜாவின் பெயரைச் சொல்லாத அந்த அதிகாரம் இந்தப் பெண்களின் பெயரைப் பதிந்து வைத்திருக்கிறது. ஆகவே தேவபயம் என்ற பெயரில் மனுஷனுக்குப் பயப்படப் பழக்கும் இடங்களில் கொஞ்சம் உஷாராக இருங்கள். காணிக்கைக் கணக்கைக் கேட்டாலே ‘அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதே’ என்ற வசனம் எடுத்து வீசப்பட்டால், அங்கே காக்கப்படுவது தேவனுடைய கனம் இல்லை.

ஓல்னியில் இருவர்

கொள்கையாகப் பேசிக்கொண்டே போனால் இது கையில் பிடிபடாது. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், ஓல்னி என்ற சிற்றூரில் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்த இருவரைச் சொல்கிறேன்.

ஒருவர் ஜான் நியூட்டன். கப்பலோடி, வாய் திறந்தால் தேவதூஷணம். 1748 மார்ச்சில் அட்லாண்டிக் புயலில் கப்பல் உடையும் நிலையில் முதன்முதலாக இரக்கம் கேட்டு ஜெபித்தார். பிழைத்தார், மனந்திரும்பினார் என்று இங்கேயே கதையை முடித்துவிடுவார்கள். நடந்தது அவ்வளவு அழகாக இல்லை. அதன் பிறகுதான் அவர் அடிமைக் கப்பல்களின் கேப்டன் ஆனார். மேல்தளத்தில் ஜெபமும் வேதவாசிப்பும். கீழ்த்தளத்தில் சங்கிலியில் மனிதர்கள். 1754இல் கடலை விட்டதும் உடல்நலக் குறைவால்தான். 1764இல் ஓல்னியில் குருவானார். 1773ஆம் ஆண்டின் முதல் நாள் ஆராதனைக்காக அவர் எழுதியதுதான் இன்று உலகமெங்கும் பாடப்படும் ‘அமேசிங் கிரேஸ்’. அதில், அஞ்சுவதற்கு என் நெஞ்சுக்குக் கற்றுத்தந்தது கிருபை, அந்த அச்சங்களை நீக்கியதும் கிருபை என்ற கருத்தில் ஒரு வரி வருகிறது. 130ஆம் சங்கீதத்தின் வரிசை அப்படியே அதில் இருக்கிறது.

அந்தக் கிருபை அவருக்கு அஞ்சக் கற்றுத்தருவதை அதற்குப் பிறகும் நிறுத்தவில்லை. 1788இல் அடிமை வணிகத்துக்கு எதிராக வெளியிட்ட சிறு நூலில், ஒருகாலத்தில் தானே கருவியாக இருந்த தொழிலை நினைத்து இப்போது தன் இருதயம் நடுங்குவதாக எழுதினார். தன் பாவஅறிக்கை மிகவும் தாமதமானது என்றும் ஒப்புக்கொண்டார். புயல் நடந்து நாற்பது வருஷம் ஆகியிருந்தது. மன்னிக்கப்பட்டுவிட்டோம் என்று நிச்சயமாக நம்பிய ஒருவர்தான் இப்படி நடுங்க முடியும். தண்டனைக்குப் பயப்படுகிறவன் சாக்குச் சொல்வான்.

இன்னொருவர் வில்லியம் கூப்பர். கவிஞர், நியூட்டனின் நெருங்கிய சிநேகிதர், இருவரும் சேர்ந்து வெளியிட்ட 1779ஆம் ஆண்டுப் பாடல் தொகுப்பின் மற்ற ஆசிரியர். இளவயதில் மனநோயால் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர். செயின்ட் ஆல்பன்ஸ் ஊரில் ஒரு மருத்துவரின் பராமரிப்பில் இருந்தபோது, ரோமர் மூன்றாம் அதிகாரத்தை வாசித்துச் சமாதானம் அடைந்தார். ஆனால் 1773இன் தொடக்கத்தில் நோய் திரும்பியது. தேவன் தன்னைக் கைவிட்டுவிட்டதாக ஒரு கனவு கண்டார். அந்த நம்பிக்கையின்மையிலிருந்து 1800இல் சாகும்வரை அவர் முழுதாக மீளவில்லை.

இருவருக்கும் உபதேசம் ஒன்று, ஊர் ஒன்று, பாட்டுப் புத்தகமும் ஒன்று. கூப்பர் கிருபையைப் பற்றி அறியாதவர் அல்ல; அவருடைய பாட்டுகளில் ஆறுதல் பெற்றவர்கள் ஏராளம். அவரை வாட்டியது அடிமைப் பயமும் இல்லை, பிள்ளைப் பயமும் இல்லை. அது நோய். நியூட்டன் அவரிடம் ‘உனக்கு விசுவாசம் போதாது’ என்று விரட்டவில்லை. ஓராண்டுக்கும் மேலாகத் தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார். இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மன்னிக்க முடியாத பாவத்தைச் செய்துவிட்டேன் என்று தூக்கமில்லாமல் தவிக்கிறவர்கள் நம் சபைகளிலும் இருக்கிறார்கள். பரிசுத்த ஆவிக்கு விரோதமான தூஷணம் என்று மாற்கு மூன்றில் வருவது, இயேசுவின் நற்செய்கைகளைக் கண்ணாரக் கண்டும் அவருக்குள் இருப்பது அசுத்த ஆவி என்று சொன்ன வேதபாரகர் என்ற யூத மத அறிஞர்களைக் குறித்து. அதைச் செய்துவிட்டோமோ என்று அழுகிறவர்களைக் குறித்து அல்ல. இதைச் சொன்ன பிறகும் பயம் இரவும் பகலும் விடவில்லையென்றால், ஜெபத்தோடு மருத்துவரிடமும் கூட்டிக்கொண்டு போங்கள்.

யாருக்கு எது?

தவறு இரண்டு பக்கமும் நடக்கிறது. புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் தட்டிலிருந்து வாக்குத்தத்த வசன அட்டை எடுப்போம். ‘உன்னை ஆசீர்வதிப்பேன்’ வரும், ‘பயப்படாதே, நான் உன்னுடனே இருக்கிறேன்’ வரும். ‘மேட்டிமைச் சிந்தையாயிராமல் பயந்திரு’ என்று அச்சிட்ட அட்டை யாருக்காவது வந்திருக்கிறதா? அதுவும் ரோமர் நிருபத்தில் கிருபையைப் பற்றி மூச்சுக்கு மூச்சு எழுதிய பவுலின் வரிதான். அதே நிருபத்தில், கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாமா என்று கேட்டு, ‘கூடாதே’ என்கிறார். ஜெர்மனியில் ஹிட்லரை எதிர்த்து 1945 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்ட போதகர் டீட்ரிச் போன்ஹோஃபர் இதற்கு மலிவான கிருபை என்று பெயர் வைத்தார். மனந்திரும்புதல் கேட்காத மன்னிப்பு. கிருபை இலவசம், ஆனால் கொடுத்தவருக்கு அது ஒரு குமாரனின் விலை.

மறுபக்கத் தவறு திருவிருந்தின்போது கண்ணில் படும். வருஷக்கணக்காக எழுந்து போகாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள், அண்ணன்மார் எத்தனை பேர்! ‘அபாத்திரமாய்ப் புசித்தால் ஆக்கினைத்தீர்ப்பு’ (தகுதியில்லாமல் சாப்பிட்டால் தண்டனை) என்று சின்ன வயதில் கேட்டது. முதலாம் கொரிந்தியர் பதினோராம் அதிகாரத்தை முழுதாக வாசித்தால், பவுல் யாரைக் கண்டிக்கிறார் என்று தெரியும். வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டுக் குடித்துவிட்டு, இல்லாதவர்களைப் பசியோடு வெட்கப்படுத்தினார்கள். அது அபாத்திரம். அதுபோக, தன்னைத்தானே சோதித்தறிந்து விலகியிருக்கக்கடவன் என்று அவர் எழுதவில்லை. ‘சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசித்து’ என்றுதான் எழுதினார். தன் தகுதியின்மையை நினைத்து உட்கார்ந்திருப்பவர்தான் அந்தப் பந்திக்கு உரியவர். மாறாக, பக்கத்து வீட்டுக்காரரோடு சொத்து வழக்கு நடத்திக்கொண்டே முதல் வரிசையில் போய் நிற்பவர் கொஞ்சம் உட்கார்ந்து யோசிக்கலாம்.

இதுதான் சங்கடம். எச்சரிப்பு யாருக்குத் தேவையோ அவர் ஆறுதலைப் பிடித்துக்கொள்கிறார். ஆறுதல் தேவைப்படுகிறவர் எச்சரிப்பைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறார். 590இல் ரோமின் ஆயரான பெரிய கிரகோரியார் மேய்ப்பர்களுக்கு எழுதிய வழிகாட்டியில், இறுமாப்புள்ளவனுக்கும் கூச்சமுள்ளவனுக்கும், அவசரக்காரனுக்கும் மந்தமானவனுக்கும் ஒரே புத்திமதி கூடாது என்று ஜோடி ஜோடியாகப் பிரித்துச் சொன்னார். நூறு பேருக்கு ஒரே மைக்கில் பேசும் பிரசங்கத்தில் இது முடியாத காரியம். ஆகவே கேட்கிறவர்தான் தனக்கு எது என்று பார்த்து எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பார்ப்பதற்கு ஒரு வழி உண்டு: அந்தப் பயம் உங்களை எந்தத் திசையில் ஓட வைக்கிறது? ஏதேனில் ஆதாம், ‘நான் பயந்து, ஒளித்துக்கொண்டேன்’ என்றான். சீனாயில் ஜனங்கள் தூரத்தில் நின்றார்கள். மோசே கார்மேகத்துக்குச் சமீபமாய்ப் போனான். பாவம் செய்த பிறகு ஜெபிக்கவே கூச்சமாகி, வேதத்தைத் திறக்காமல், சபைக்கும் போகாமல் இருக்கவைத்தால் அது ஆதாமின் பயம். உங்களுக்கு இப்போது தேவை ரோமர் எட்டாம் அதிகாரம். பாவம் செய்துவிட்டு ஒரு உறுத்தலும் இல்லாமல் ‘அவர் மன்னிப்பார்’ என்று போய்க்கொண்டிருந்தால் ரோமர் ஆறும் பதினொன்றும். பாவத்தை எடுத்துக்கொண்டு நேரே அவரிடமே போகத் தோன்றினால், கால் நடுங்கினாலும் பரவாயில்லை, போங்கள்.

பிலிப்பியருக்குப் பவுல் எழுதியதும் இதுதான். அதிக பயத்தோடும் நடுக்கத்தோடும் உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள் என்று சொல்லி நிறுத்தாமல், ஏனெனில் விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவர் தேவனே என்கிறார். நடுங்கச் சொல்வதற்குக் காரணம் நீங்கள் தோற்றுவிடுவீர்கள் என்பது இல்லை. உங்களுக்குள்ளே வேலை செய்துகொண்டிருப்பவர் அவர் என்பது.

வாசிக்கத் தொடங்குகிறவர்களுக்குக் கடைசியாக ஒரு யோசனை. முதலில் 130ஆம் சங்கீதம், பிறகு 103. அதில் ‘தகப்பன் தன் பிள்ளைகளுக்கு இரங்குகிறதுபோல, கர்த்தர் தமக்குப் பயந்தவர்களுக்கு இரங்குகிறார்’ என்று பயமும் இரக்கமும் ஒரே வரியில் வரும். அப்புறம் லூக்கா ஐந்தும் பன்னிரண்டும். ரோமர் நிருபத்தை அவசரமில்லாமல் முழுதாக. எபிரெயர் நிருபத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதன் ஆறாம் அதிகாரத்துக் கடுமையான வசனங்களை வாசித்தால் ஒன்பதாம் வசனம் வரைக்கும் புத்தகத்தை மூடாதீர்கள். பத்தாம் அதிகாரத்தில் ‘பயங்கரமாயிருக்குமே’ வரைக்கும் போனால், நாலு வசனம் தள்ளி ‘உங்கள் தைரியத்தை விட்டுவிடாதிருங்கள்’ என்று அதே ஆள் எழுதியிருப்பதையும் வாசித்துவிட்டு எழுந்திருங்கள்.